நிலமோ, புரயிடமோ?

உங்கள் கையில் இருக்கும் கருவிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சுவரில் வைத்தவுடன் ஈரம் எவ்வளவு என்று திரையில் காட்டுகிறது. டைல்ஸுக்கு அடியில் கலவை சரியாக நிரம்பவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுகிறது. நான் இந்த வேலைக்கு வந்தபோது ஒரு சின்னச் சுத்தியலும், மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயும், என் காதும்தான் இருந்தன. அந்தக் காலமே நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் குழாயை நான் திட்டிய திட்டு கொஞ்சமில்லை.

ஒரே ஒரு பழுதைக் கண்டுபிடிக்க மட்டும் இன்னும் கருவி வரவில்லை. விற்கிறவர் ஒரு சொல்லை ஒரு பொருளில் சொல்லுவார். வாங்குகிறவர் அதே சொல்லை வேறு பொருளில் கேட்டுக்கொள்வார். இருவருக்கும் சந்தோஷம், இருவரும் கைகுலுக்கிவிடுவார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளிடம் அனுபவத்தைச் சொல்லச் சொன்னது நீங்கள்தான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். புது வீடு வாங்குகிறவர் சார்பில் போய், சொன்னபடி கட்டியிருக்கிறார்களா, எங்கே விரிசல், எங்கே கசிவு, சாவி வாங்குமுன் எதையெல்லாம் சரிசெய்யச் சொல்ல வேண்டும் என்று பார்த்து அறிக்கை கொடுக்கிறோம். கட்டிடம் நம்முடையது, காகிதம் வக்கீலுடையது. இந்தக் கோட்டை மதிக்கிறவள் நான். காஜா மைதீன் பாய் விஷயத்தில்தான் அதைத் தாண்டினேன்.

பாய்க்கு மட்டாஞ்சேரி பஜாரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். பாய் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிப்பார். மலையாளம் இங்குள்ளவர்களைப் போலவே பேசுவார். படிக்கச் சொன்னால் கடைப் பலகையோடு நின்றுவிடும். மகள் ரஹ்மத் இதற்கு நேர் எதிர். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாளே தவிர, தமிழ் எழுத்து தெரியாது. தோப்பும்படியில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். ஆகவே அந்த வீட்டுக்கு மலையாளத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் மகள் வாசிப்பாள், தகப்பன் கேட்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னை அவர்கள் அழைத்தது தேவராவில் ஒரு ஃப்ளாட்டைப் பார்க்க. நல்ல ஃப்ளாட்தான். ஒப்பந்தத்தில், மனையில் உங்களுக்குப் பிரிக்கப்படாத பங்கு உண்டு என்று இருந்தது. அடுக்குமாடி என்றால் எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கும். பாய்க்கு அது பிடிக்கவில்லை.

“பிரிக்காத பங்குன்னா, எனக்கு எந்த மூலை மேடம்?”

“மூலைன்னு தனியா கிடையாது பாய். மொத்த இடத்துலயும் எல்லாருக்கும் சேர்ந்து உரிமை.”

“அப்ப நான் போய் நின்னு இது என்னுதுன்னு சொல்ல ஒரு அடி மண்ணு கூடக் கிடையாது?”

வீடு காட்ட வந்த பெண் சிரித்துவிட்டாள். பாய் சிரிக்கவில்லை. அவர் குடியிருந்தது மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கிடங்கின் மாடியில். கிடங்கு ஒருவருடையது, அடிமனை இன்னொருவருடையது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி கட்டப் போகிறார். மற்றக் குடித்தனங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. சில மாதங்களுக்குள் பாய் குடும்பமும் இறங்க வேண்டும்.

“இனிமே ஒருத்தன் வந்து எறங்குன்னு சொல்லக் கூடாது மேடம். காலுக்குக் கீழ இருக்கிற மண்ணு என் பேர்ல இருக்கணும். அது மதி,” என்றார். மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். அவருக்கு வேறு எந்த ஆசையும் இல்லை என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்தது.

பிறகு கொஞ்ச காலம் அவர்களிடமிருந்து தகவல் இல்லை. ஒருநாள் காலையில் ஃபோன் வந்தது. கும்பளங்கியில் தனி வீடு கிடைத்துவிட்டதாம். புது வீடு. மறுநாள் பத்திரப் பதிவு, மாதக் கடைசிக்குள் பழைய மாடியைக் காலி செய்தாக வேண்டும். இன்றைக்கே வந்து ஒரு தரம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை யார் என்று விசாரிக்கிறவர்களை நீங்களும் நிறையச் சந்திப்பீர்கள். திட்டிக்கொண்டேதான் கிளம்புவீர்கள், நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

“வக்கீல் பாத்தாரா பாய்?”

“எழுத்துக்காரர் பாத்தாரே. அப்புறம் என் மக ஒவ்வொரு வரியா வாசிச்சா. ஒரு குறையும் இல்ல மேடம்.”

எழுத்துக்காரர் என்று அவர் சொன்னது பத்திரம் எழுதுகிறவரை. இரண்டு தரப்பும் சொல்வதை முறையாக எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இது உனக்கு நல்லதா என்று அவர் கேட்க மாட்டார். பாய் வங்கியில் கடனும் வாங்கவில்லை. வட்டி கொடுப்பது அவருக்கு மார்க்கத்தில் ஆகாது. கடையின் சேமிப்பும் மனைவியின் நகையும் சேர்த்து வாங்குகிற வீடு. கடன் வாங்கியிருந்தால் வங்கியின் வக்கீலாவது காகிதத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார். இங்கே அதுவும் இல்லை.

வீடு அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பக்கத்தில் பொக்காளி என்ற உப்புநீர் நெல் விளையும் வயல். நெல் அறுத்தபின் இறால் வளர்க்கத் தண்ணீர் விட்டிருந்தார்கள். பின்னறை ஜன்னலைத் திறந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் தெரிந்தது. மகளோடு வந்திருந்த பாய் அந்த ஜன்னல் பக்கத்திலேயே போய்ப் போய் நின்றார். வீட்டைக் கட்டி விற்கிறவர் ஜோஸி என்ற கும்பளங்கிக்காரர். பெரிய நிறுவனமெல்லாம் கிடையாது. தானே நின்று கட்டிய மனிதர். கதவுகளைத் தடவித் தடவிக் காட்டினார்.

நான் என் வேலையைப் பார்த்தேன். பின்பக்கச் சுற்றுச்சுவர் வயல் பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. போர்டிகோவின் தரை வீட்டுச் சுவரிலிருந்து ஒரு நூலளவு விலகியிருந்தது. மண் அடித்து உயர்த்திய இடம், கட்டும்போது மேலே போட்ட புது மண் இன்னும் முழுதாக இறுகவில்லை. இதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. கேட்டிலும் கதவிலும் வீட்டு எண் எதையும் காணவில்லை. மீட்டர் பெட்டியில் இருந்ததும் கட்டுமானத்துக்காக வாங்கும் தற்காலிக இணைப்பு. கேட்டதற்கு, “நம்பர் இப்பக் கிட்டும் சேச்சி, பேப்பர் கொடுத்திட்டுண்டு,” என்றார் ஜோஸி.

இந்த இடத்தில் என் முதல் மேலதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலப்புழைக்காரர், பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் செருப்பைக் கழற்றுமுன் விற்கிறவரிடம் “நிலமோ, புரயிடமோ?” என்று கேட்பார். நகரத்து நடுவில், நாலாவது மாடியில் நின்றுகொண்டுகூடக் கேட்பார். அவருக்கு அது வணக்கம் சொல்கிற மாதிரி என்று நாங்கள் கேலி செய்வோம். கேலி செய்து செய்தே அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு வந்த கோபத்தில் வாசலில் கேட்கவில்லை. எல்லாம் பார்த்து முடித்து, போர்டிகோவில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ஜோஸியிடம் கேட்டேன்.

“சேட்டா, இது நிலமோ, புரயிடமோ?”

ஜோஸி வாயைத் திறக்குமுன் பாய் முந்திக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“நிலந்தான் மேடம்! நிலம்னு தெளிவா எழுதிருக்கு. நானே ரஹ்மத்துகிட்ட சொல்லி அதை மட்டும் ரெண்டாவது தரம் வாசிக்கச் சொன்னேன். ஃப்ளாட்டு மாதிரி இல்ல. எனக்கே எனக்குன்னு நிலம்.”

ரஹ்மத்தும் தலையாட்டினாள். ஜோஸி சாயா கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். நமக்கு நிலம் என்றால் பூமி, மனை, காடு, கழனி எல்லாமும்தான். சாதாரண மலையாளப் பேச்சில் நிலம் என்றால் தரை. நிலம் துடைக்க என்றால் தரையைத் துடைப்பது. ஆனால் கேரளத்து வருவாய்க் காகிதத்தில் நிலம் என்றால் வயல். வீடு இருக்கும் மனைக்கு அங்கே புரயிடம் என்று பெயர். நிலம் என்று பதிவான இடத்தில் வீடு கட்ட வேண்டுமென்றால் முதலில் ஆர்.டி.ஓ. என்கிற வருவாய்க் கோட்ட அதிகாரி அலுவலகத்தில் மனுப்போட்டு வகையை மாற்ற வேண்டும். மாற்றாமல் கட்டினால் கட்டிடத்துக்கு எண் கிடைக்காது. எண் இல்லையென்றால் நிரந்தர மின்சாரம் இல்லை, தண்ணீர் இணைப்பு இல்லை. மனு தள்ளுபடியானால் கட்டியதையே இடிக்கச் சொல்லவும் கூடும். இவ்வளவும் இருந்தும், அந்த இடத்தை விற்றுப் பத்திரம் பதிவதற்குத் தடையில்லை. வயலை வயலாக வாங்கலாம் அல்லவா? அதனால் மறுநாள் பதிவு அலுவலகத்தில் யாரும் பாயைத் தடுத்திருக்க மாட்டார்கள்.

பாய் விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர், கரம் என்றால் வரி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கடைக்காரர், இந்தச் சொற்களோடு வாழ்கிறவர். புரியாத சொல் வந்திருந்தால் நாலு பேரிடம் கேட்டிருப்பார். இது தெரிந்த சொல்லாகப் போனதால்தான் கேட்கவில்லை. போதாததற்கு அவர் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட சொல்லும் அதுவே. மட்டாஞ்சேரி மாடியில் வளர்ந்த ரஹ்மத் வயலை எங்கே கண்டாள்? அவள் தினமும் துடைக்கிற நிலம் வேறு.

யோசிக்க அவகாசம் இல்லை. மறுநாள் பதிவு. வீட்டில் பாத்திரங்கள் கட்டி வைத்தாகிவிட்டது. என்னை அழைத்தது சுவரைப் பார்க்க. அறிக்கையின் கடைசியில் “மனையின் வகையைச் சரிபார்த்துக்கொள்ளவும்” என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். என் பேரில் குற்றமில்லாமல் போயிருக்கும். அந்த வரியை ரஹ்மத் வாசிப்பாள், பாய் கேட்பார், “அதான் நிலம்னு பாத்தாச்சே” என்று இருவரும் மூடி வைத்துவிடுவார்கள். இப்படி ஒரு சந்தர்ப்பம் உங்களுக்கு வரும்போது நீங்கள் எழுதுகிற வரி யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள். உங்களை மட்டும் காப்பாற்றினால் அது போதாது.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. சட்டம், விதி, ஆர்.டி.ஓ. என்று ஆரம்பித்தால் பாய் ஜோஸியைப் பார்ப்பார். ஜோஸி “அதொக்கெ சரியாகும்” என்பார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பாய்க்குப் பழக்கமான சொல் ஒன்று வேண்டும் என்று தேடினேன். தென்காசி ஞாபகம் வந்தது.

“பாய், உங்க அப்பா ஊர்ல நஞ்சைன்னு சொல்வாங்கல்ல?”

“ஆமா. எங்க பெரியத்தாவுக்கு இருந்துச்சு. எதுக்கு?”

“இங்க காகிதத்துல நிலம்னு எழுதினா நஞ்சைன்னு அர்த்தம்.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீரைப் பார்த்தார், காலடியில் இருந்த டைல்ஸைப் பார்த்தார்.

“நஞ்சையிலயா வீடு கட்டிருக்கு?”

ரஹ்மத் கைப்பையிலிருந்து ஒப்பந்தத்தின் நகலை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பி, உதடு அசைய மறுபடி வாசித்தாள். அதே சொல், அதே இடத்தில்தான் இருந்தது.

ஜோஸிக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தார்.

“ஞான் ஒண்ணும் ஒளிச்சிட்டில்ல சேச்சி. எழுதியிட்டுண்டு. மோளு என்றெ முன்னில் வெச்சு உறக்கெ வாசிச்சு. இக்கா கேட்டு, சிரிச்சு, எனக்குக் கையும் தந்து. எல்லாம் அறிஞ்சிட்டாணு வாங்குறார்னு நான் நெனச்சு. பின்னே நான் என்ன சொல்லணும்?”

அதாவது, தான் எதையும் மறைக்கவில்லை. மகள் தன் முன்னாலேயே சத்தமாக வாசித்தாள். பாய் கேட்டுவிட்டுச் சிரித்துக் கைகொடுத்தார். எல்லாம் தெரிந்துதான் வாங்குகிறார் என்று நினைத்ததாகச் சொல்கிறார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. வகை மாற்ற மனுக் கொடுத்திருந்தார். உத்தரவு வந்துவிடும் என்ற தைரியத்தில் முன்கூட்டியே கட்டிவிட்டார். வயலென்று தெரிந்தும் சந்தோஷமாக வாங்குகிற ஒருவர் கிடைத்தபோது ஏன், எதற்கு என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் அவருடைய தப்பு, அது சின்னத் தப்பும் இல்லை.

வகை மாறாமல் வீட்டுக்கு நம்பர் வராது என்று நான் சொன்னதும் பாய் மெதுவாகப் பேசினார். “நம்பர் எப்ப கிட்டும்?”

“இந்த மாசம் கிட்டும் இக்கா. ஒறப்பாயிட்டும் கிட்டும்.”

உறுதியாகக் கிடைக்கும் என்று அர்த்தம். பாயின் முகத்தில் திரும்பவும் வெளிச்சம் வருவதைப் பார்த்தேன். நம்பத் தயாராக இருக்கிறவரை நம்ப வைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. நான் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைத் திருப்பி ஜோஸியிடம் நீட்டினேன்.

“சேட்டா, சொன்னதை இதுல எழுதிடுங்க. இந்த மாசம் வகை மாத்தி நம்பர் வாங்கித் தர்றேன், கிடைக்கலைன்னா பொறுப்பு என்னோடதுன்னு. மலையாளத்துலயே எழுதுங்க, ரஹ்மத்து வாசிப்பா.”

ஜோஸி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். காகிதத்தின் மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியைப் போட்டுத் திரும்பப் பையில் செருகிவிட்டார்.

“அது என்றெ கையிலில்ல சேச்சி,” என்றார், தரையைப் பார்த்து.

வாய் தருகிற வாக்கைக் கையிடம் கேளுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்வது இதனால்தான். எழுதத் தயங்குகிறவர் எல்லாரும் கெட்டவர் இல்லை. ஜோஸி அந்த நிமிடத்தில் நேர்மையாக நடந்துகொண்டார் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். பொய்யாக எழுதிக் கொடுத்திருந்தால் பாய் மறுநாள் கையெழுத்துப் போட்டிருப்பார்.

பாய்க்கு வந்த கோபம் என் மேல்தான் விழுந்தது.

“சுவர பாக்கத்தான உங்களக் கூப்பிட்டேன்? சுவர பாத்தீங்களா, போனீங்களான்னு இருக்கணும். மாசக் கடைசியில நான் பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டு எந்தத் தெருவுல போய் நிக்க? நீங்க சொல்லுங்க மேடம். எந்தத் தெருவுல?”

“அத்தா, ஒண்ணு சும்மா இருங்க,” என்றாள் ரஹ்மத். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பாய் எழுந்து பின்னறைக்குப் போனார். அந்த ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. சாயா ஆறிப்போயிற்று. திரும்பி வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

“அம்மாவுக்குப் போன் பண்ணு ரஹ்மத்து. கட்டின பாத்திரம் கட்டினபடி இருக்கட்டும். ஆனா நாளைக்கு இல்லன்னு சொல்லு.”

அடுத்த வாரம் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் அவர்களை அனுப்பினேன். அவர் புது ஒப்பந்தம் எழுதினார். வகை மாற்றிய உத்தரவும் வீட்டு எண்ணும் கைக்கு வந்தபிறகே பதிவு. மனு தள்ளுபடியானால் அச்சாரம் முழுவதும் திரும்ப வர வேண்டும். அதுவரை ஜோஸி வேறு யாருக்கும் விற்கக் கூடாது. சாய்ந்த சுவரையும் விலகிய தரையையும் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஜோஸி முணுமுணுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். அடுத்து வருகிறவரும் இதையே கேட்பார் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வரியையும் ரஹ்மத் மலையாளத்தில் வாசிக்க, பாய் அதைத் தமிழில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வக்கீலம்மா பிடிவாதமாக இருந்தார். அந்த வழக்கத்தை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். “புரிந்ததா” என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்பார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் தெரியும்.

மாதக் கடைசியில் அவர்கள் மட்டாஞ்சேரி மாடியை விட்டு இறங்கினார்கள். சுள்ளிக்கலில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சின்ன வாடகை வீடு. பாத்திர மூட்டைகளைப் பிரிக்க இடமில்லாமல் வராந்தாவில் அடுக்கியிருந்தார்கள். பாயை நான் அடிக்கடி தெருவில் பார்ப்பேன். என்னைக் கண்டால் அவர் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தரமும் வலித்தது. மழைக்காலம் வந்தது. மனு என்னவாயிற்று என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. தள்ளுபடி என்று வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தைக் கடைசிவரை வாடகை வீட்டில் உட்கார வைத்தவள் நான்தான் என்று அவர் நினைப்பார். நானே அப்படி நினைத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ஒருநாள் ரஹ்மத் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“மேடம், நான்தானே வாசிச்சேன். பத்து வரை மலையாளம் படிச்சிருக்கேன். நிலம் தொடைக்கணும்னு தெனம் வீட்ல சொல்றேன். எனக்கு எப்படித் தோணல?”

“நீ வாசிச்சதுல ஒரு எழுத்து பிழையில்லம்மா,” என்றேன். “எழுத்த வாசிக்கிறது உன் வேலை. அந்த வார்த்தையக் கேட்டு உங்க அத்தா ஏன் இவ்வளவு சந்தோஷப்படுறார்னு கேக்க வேண்டியது அங்க இருந்த பெரியவங்க வேலை. ஜோஸி கேக்கல, எழுத்துக்காரர் கேக்கல.”

அவள் கொஞ்சம் ஆறுதலானாள் என்று நினைக்கிறேன். உள்ளே வந்து சாயா குடித்துவிட்டுப் போனாள். அன்று அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வாங்குகிறவர் முகம் சுளித்த இடத்தில் எல்லாரும் நின்று விசாரிப்பார்கள். எந்தச் சொல்லைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததோ அங்கேயும் நின்று விசாரியுங்கள்.

மழை ஓய்ந்து, கோயில் திருவிழாக்கள் ஆரம்பிக்கிற சமயத்தில் உத்தரவு வந்தது. அந்த மனையை வெகுகாலம் முன்பே மண் அடித்து உயர்த்தியிருந்ததால் பாதுகாக்கப்பட்ட வயல்களின் பட்டியலில் அது இல்லை, வகை மாறியது. பிறகு வீட்டுக்கு எண்ணும் வந்தது. பத்திரம் பதிவான அன்று மாலையே பால் காய்ச்சினார்கள். என்னை அழைக்க ரஹ்மத்தை அனுப்பாமல் பாயே வந்தார். “வரணும் மேடம்,” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கும்பளங்கி வீட்டுக் கேட்டில் எண் எழுதிய தகடு மின்னியது. ஜோஸியும் வந்திருந்தார், நிமிர்த்திக் கட்டிய பின்சுவரை என்னிடம் இரண்டு தரம் காட்டினார். பின்னறையில் பாய் மடித்து வைத்திருந்த பத்திரத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

“மேடம் முன்னால வாசி.”

அவள் வாசித்தாள். இடத்தின் வகை வந்த வரியில் “புரயிடம்” என்று அழுத்திச் சொல்லி நிறுத்தினாள்.

“தமிழ்ல என்ன மேடம்?” என்று கேட்டார் பாய்.

“வீட்டுமனை.”

“அப்ப நிலம்னு எங்கயும் இல்லியா?”

“எங்கயும் இல்ல பாய். எல்லாப் பக்கமும் பாத்தாச்சு.”

நிம்மதியாகச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் லேசாக வாடியது. “நல்ல வார்த்தையா இருந்துச்சு,” என்றார்.

பிறகு அந்த ஜன்னலைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வெயிலில் கிடந்தது. வரப்பில் ஒருவர் இறால் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

“அப்ப அதுதான் நிலம்?”

“அதுதான் பாய்.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுக்களையில் இருந்த மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

“கேட்டியா, நம்ம வீட்டு ஜன்னல்ல இருந்து பாத்தா நிலம் தெரியுது.”

ரஹ்மத் சிரித்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்க்கக் கூடாதென்று குனிந்து, ஜன்னல் சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.